ஆபீசர் ஜன்னல்

கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுவது.

உங்கள் சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு புத்தகமே இருக்கிறதாம். சுவர் எவ்வளவு சூடு விடலாம், கண்ணாடி எத்தனை அடி இருக்கலாம், கூரைமேல் என்ன போட வேண்டும், பகலில் எத்தனை விளக்கு எரியலாம், எல்லாம் அதில் இருக்கிறதாம். கட்டுகிறவனுக்கு இது தொல்லை என்று போன கூட்டத்தில் ஒருவர் பேசினார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் புத்தகம் இல்லை. ஒரு தாள்தான். தரை இவ்வளவு பரப்பு என்றால், அதில் இத்தனை பங்கு காற்றும் வெளிச்சமும் வரத் திறப்பு இருக்க வேண்டும். தறிப்பட்டறைக்கு அதுதான் முக்கியமான விதி. கட்டடத்தைச் சோதிக்கிற சர்க்கார் ஆபீசர் வந்து அளவு நாடா பிடித்து அளப்பார். கணக்குச் சரியாக இருந்தால் எழுதிக் கொடுப்பார். அவர் எழுதினால்தான் கரண்ட். கரண்ட் இல்லாவிட்டால் விசைத்தறி வெறும் இரும்பு.

எழுபதுகளின் கடைசியில் எடப்பாடிப் பக்கம் விசைத்தறி வேகமாக வந்தது. தோட்டம் வைத்திருந்தவர்கள் எல்லாம் தோட்டத்து மூலையில் ஒரு பட்டறை போட்டார்கள். எனக்கு வீடு சேலத்தில், அம்மாபேட்டையில். வாரம் முழுக்க எடப்பாடிப் பக்கமே தங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு ஊருக்கு வருவேன். என்னோடு சூசை என்ற கொத்தனார். எனக்கு ஐந்து வயது இளையவன். வாய் ஓயாது. நான் பேசாததையும் சேர்த்து அவன் பேசுவான்.

அந்தப் பட்டறைகளில் ஒரு சங்கடம் இருந்தது. ஆடிக் காற்று. மேற்கே இருந்து அடிக்கும். தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய, கஞ்சி போட்ட பாவு நூல் அந்தக் காற்றில் காய்ந்து முறுக்கேறி, தொட்டால் அறும். அறுந்த நூலை முடிகிற வரை தறி நிற்கும். தறி நின்றால் ஓட்டுகிறவருக்குக் கூலி இல்லை, ஏனென்றால் மீட்டருக்குத்தான் கூலி. ஆகவே மேற்கு ஜன்னலை முதலாளியும் விரும்ப மாட்டார், தறி ஓட்டுகிறவரும் விரும்ப மாட்டார். ஆபீசர் ஒருவர்தான் விரும்புவார்.

அதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். மேற்குச் சுவரில் ஜன்னல் விட்டுக் கட்டுவோம். மேலே சுவர்ப் பாரத்தைத் தாங்குகிற லிண்டல் போட மாட்டோம். மரச்சட்டத்தை நிறுத்தி, அதன் தலையிலேயே செங்கல் வரிசையை ஓட்டிவிடுவோம். ஆபீசர் வந்து அளந்துவிட்டுப் போவார். கரண்ட் வந்த மூன்றாம் நாள், சட்டத்தைக் கழற்றிக்கொண்டு அந்த ஓட்டையில் மண் சாந்தில் செங்கல் வைத்து அடைப்போம். மேலே ஒரு பூச்சு. ஜன்னல் இருந்த இடமே தெரியாது. கழற்றிய சட்டம் வண்டியேறி அடுத்த பட்டறைக்குப் போகும். எங்களுக்குள் அதற்கு ஆபீசர் ஜன்னல் என்று பேர்.

ஒரே சட்டம் பத்துப் பன்னிரண்டு பட்டறைக்குப் போனது. ஒரு தடவை ஆபீசர் அளந்துகொண்டே, ஏன் மேஸ்திரி, எல்லாப் பட்டறைக்கும் இதே நீலந்தான் அடிப்பீங்களா என்று கேட்டார். சூசை அசரவில்லை. அந்தக் கடையில் நீலம் மட்டும்தான் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டான். நாங்கள் அன்றைக்குச் சிரித்தபடி சாப்பிட்டோம். நான் சிரித்ததையும் எழுதத்தான் வேண்டும்.

என் மனதில் அது தப்பாகவே படவில்லை. விதியைச் செய்து காட்டியாயிற்று. முதலாளிக்கு வேண்டியதையும் செய்தாயிற்று. இரண்டு பக்கமும் நல்ல பேர். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியண்ணன் என்பவரின் பட்டறை அப்படிக் கட்டியதுதான். தெற்கு வடக்காக நீளம். இருபது தறி. கிழக்கே ஆறு ஜன்னல், அவை நிஜம். மேற்கே ஆறு, அவை ஆபீசருக்கு. அளந்தார்கள், கரண்ட் வந்தது, அடைத்தோம். கிளம்பி வந்துவிட்டேன். மறந்தும்விட்டேன்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு சித்திரை மாதம் பெரியண்ணன் ஆள் அனுப்பினார். எட்டுத் தறி கூடுதலாக வாங்குகிறார். கூடுதல் கரண்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அதனால் ஆபீசர் மறுபடி வருகிறார், நாளை மறுநாள். பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருவார். அதில் மேற்கே ஆறு ஜன்னல் இருக்கிறது. சுவரில் இல்லை.

சட்டங்களை இரவே வண்டியில் அனுப்பிவிட்டு, நானும் சூசையும் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். உள்ளே நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. வெளியே நல்ல வெயில். உள்ளே வரிசையாக டியூப் லைட் எரிகிறது. சிமென்ட் சீட்டுக் கூரை தலைமேல் அனல் கக்குகிறது. நடுவில் இருக்கிற தறிக்குக் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் எட்டவில்லை. நாலு மூலையிலும் மின்விசிறி, அது நூலில் படாமல் சுவரைப் பார்த்துச் சுற்றுகிறது. கரண்ட் வெட்டு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று இருந்த காலம் அது. கிடைக்கிற கொஞ்சக் கரண்டில் ஒரு பங்கு, பகலை இருட்டாக்கி அதில் விளக்குப் போடப் போய்க்கொண்டிருந்தது. அந்த இருட்டைக் கட்டியவன் நான்.

அன்றைக்கு அதை நினைக்க நேரமில்லை. பெரியண்ணன் என்னை விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

"ஏனுங்க மேஸ்திரி, பொழுதுக்குள்ள ஆறையும் தொறந்து சட்டத்த மாட்டிப்போடோணுமுங்க. அவுரு போனதீம் அடச்சுக்கலாம்" என்றார்.

தறியை நிறுத்துங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள் என்றேன். அதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் வரைக்கும்தான் கரண்ட், இன்றைக்கு விட்டால் இந்தப் பாவு முடியாது என்றார். தறி ஓட்டுகிறவர்களும் அவர் பக்கம்தான். அடைத்த ஜன்னலை எதற்குத் திறக்கிறாய், தூசியெல்லாம் பாவில் விழும் என்று என்னைத்தான் முறைத்தார்கள். உள்பக்கம் சாக்குத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் வெளியே நின்று உடையுங்கள் என்று முடித்துவிட்டார் பெரியண்ணன். நான் சரி என்றேன்.

இங்கே நிறுத்திக் கவனியுங்கள். நான் சரி என்ற இடம் இது.

வடக்குக் கோடியில் இருந்து ஆரம்பித்தோம். முதல் அடைப்பு சுலபமாக வந்தது. பூச்சைத் தட்டினதும் செங்கல் கையோடு வந்தது. மண் சாந்து இரண்டு மழைக்காலம் பார்த்துக் கரைந்துபோயிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். கீழ் வரிசைகள் தளர்வாக இருந்தன, மேல் வரிசை மட்டும் கொஞ்சம் இறுக்கம். சூசை பாட்டுப் பாடிக்கொண்டே உருவினான். இரண்டிலும் சட்டத்தை நிறுத்தி, தலைக்கு மேலே ஆப்பு வைத்து இறுக்கினோம்.

மூன்றாவது வரவில்லை.

கரண்டியை நுழைத்து நெம்பினேன். அசையவில்லை. மண்ணில் வைத்த கல் அது. சிமென்டில் வைத்ததுபோல நிற்கிறது. சும்மா அடைப்புக்கு நிற்கிற கல் எப்போதும் கையோடு வரும். வராத கல் எதையோ தாங்குகிறது. கொத்து வேலைக்கு வந்த முதல் வருடம் தெரிந்துகொள்கிற விஷயம். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நின்றேன்.

சூசை பாட்டை நிறுத்திவிட்டான். "அண்ணே, இது என்னவோ சொல்லுது" என்றான்.

 நேரம் பத்தைத் தாண்டிவிட்டது. இது போக இன்னும் மூன்று இருக்கிறது. பெரியண்ணன் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் சுவரைப் பார்த்தேன், வெயிலைப் பார்த்தேன், மறுபடி சுவரைப் பார்த்தேன். அடி என்றேன். சூசை சுத்தியலால் அடித்தான். ஒரு கல் உடைந்து வந்தது. இன்னொன்று. மூன்றாவது கல்லை எடுத்தபோது சுவருக்குள்ளே என்னவோ முனகியது. தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை. கையில் தெரிந்தது.

அப்போது உள்ளே இருந்து ஒரு பெண் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். பாவாயி என்று பேர். தார் சுற்றுகிறவர், நாற்பது வயது இருக்கும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்தாரைச் சுற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு இடம் மேற்குச் சுவரை ஒட்டி, ஐந்தாவது ஜன்னல் இருந்த இடத்துக்கு நேரே. கையில் கூடையோடு வந்தார். தார் எல்லாம் வெள்ளையாகப் புழுதி.

"ஏனுங் சாமி, நீங்க அந்தக் கடசீல கையே வெக்கலீங்களே. எனக்கு எதுக்கு மண்ணு கொட்டுது?" என்றார்.

நான் கூடையைப் பார்த்தேன். பூச்சுத் தூள். நாங்கள் நிற்கிற இடத்தில் இருந்து இருபது அடி தள்ளி, யாரும் தொடாத இடத்தில் பூச்சு உதிர்கிறது. உள்ளே ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கினேன். இரண்டாவது ஜன்னல் தலையில் இருந்து ஒரு விரிசல் மூலைவாட்டமாக ஏறி, கூரைச் சட்டம் உட்கார்ந்திருக்கிற இடம் வரை போயிருந்தது. என் கண்ணெதிரே அது மயிரிழை அளவு திறந்தது. இருபது தறியும் ஒரே தாளத்தில் அடிக்கிறது, சுவர் அந்தத் தாளத்துக்கு நடுங்குகிறது. இரண்டு வருடமாக அது அந்த மண் அடைப்பின்மேல்தான் நின்றுகொண்டிருந்தது. நான் அதன் கால்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன்.

முதலில் தறி நிற்க வேண்டும். வாசல் பக்கம் மெயின் சுவிட்ச் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. போய் இழுத்துவிட்டேன்.

அங்கேதான் எனக்குப் புத்தி இல்லாமல் போயிற்று. நான் நினைத்தது, தறி நின்றால் எல்லோரும் என்ன ஏது என்று வெளியே வருவார்கள் என்று. தினம் நாலு தடவை கரண்ட் போகிற ஊர் அது. கரண்ட் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? வெளியே வெயிலுக்குப் போவார்களா? அடைத்த மேற்குச் சுவர்தான் காலையில் குளிர்ச்சியான இடம். துண்டை உதறினார்கள். சுவரோரம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் படுத்தே விட்டார்கள். விரிசலுக்கு நேர் கீழே.

நான் கத்தினேன். கத்திப் பழக்கமில்லை, குரல் கீறிக்கொண்டு வந்தது. சுவர் விழப்போகிறது, வெளியே போங்கள் என்றேன். ஒருவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். சுவர் பேசாமல் நின்றது. "நீங்க கட்டுனதுதானுங்களே" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். ஒவ்வொருவராக இழுத்தா வெளியே போட முடியும்? முப்பது பேர்.

பாவாயிதான் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "கொழாயில தண்ணி வந்துருச்சு!"

அந்த வருடம் மழை இல்லை. தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர், அதுவும் அரை மணி நேரம். பெண்கள் எல்லோரும் ஒரேயடியாக எழுந்து குடத்தைத் தேடி ஓடினார்கள். வீட்டில் குடம் வைக்க ஆளில்லாத ஆண்கள் பின்னாலேயே ஓடினார்கள், மற்றவர்களும் எழுந்து போனார்கள். படுத்திருந்த இரண்டு பேர் மட்டும் எழவில்லை. சூசை ஒருவரைக் காலைப் பிடித்து இழுத்தான். நான் இன்னொருவரைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் நெஞ்சில் ஒரு குத்து விட்டார். வாங்கிக்கொண்டேன். வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்திக் குறுக்கே நின்றோம்.

வெளியே குழாயில் தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் பாவாயியை எல்லோரும் பிடிபிடி என்று பிடித்தார்கள். பெரியண்ணனும் ஓடிவந்தார். என்னை நோக்கி என்னென்னவோ சொன்னார். மெயினைப் போடச் சொன்னார். நான் முடியாது என்றேன். என் பட்டறைக்கு நீ யார் என்று கேட்டார். அதுவரை என்னை நீங்க வாங்க என்றவர் அன்றைக்குத்தான் நீ என்றார்.  கதவில் முதுகை வைத்து நின்றேன். நேரம் போகப் போக எனக்கே சந்தேகம் வந்தது. விரிசல் அத்தோடு நின்றுவிட்டதோ, வீணாக எல்லோருடைய வேலையையும் கெடுத்துவிட்டேனோ என்று. ஓர் ஆள் டீ குடித்து முடிக்கிற நேரம் இருக்கும்.

ஒரு வண்டி மண்ணைச் சாய்த்தால் வருமே, அந்தச் சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு சீட்டு உடைகிற சத்தம். சாத்தியிருந்த கதவின் அடியிலிருந்து புழுதி எங்கள் காலில் வந்து விழுந்தது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருந்த சுவர் உள்பக்கமாக விழுந்திருந்தது. அதோடு கூரையில் ஒரு பகுதி. இரண்டு தறி அதற்கு அடியில். என் நெஞ்சில் குத்தியவர் கதவு இடுக்கு வழியாகத் தான் படுத்திருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே துண்டு மட்டும் கிடந்தது, அதிலும் பாதிதான் தெரிந்தது. அவர் போய் வேலிப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.  பாவாயியைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

மிச்சச் சுவருக்குச் சவுக்குக் கம்பு வைத்து முட்டுக் கொடுத்தோம்.  சூசை அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பொழுது சாயும்போது பெரியண்ணன் வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மரியாதை திரும்பி வந்திருந்தது.

"சூறக்காத்துல உழுந்துபோச்சுன்னு சொல்லிப்போடலாமுங்க. ஆருக்குந் தெரியாது. நீங்களும் தப்பிச்சுக்குவீங்க, நானுந் தப்பிச்சுக்குவேன்" என்றார்.

சொல்லலாம்தான். சித்திரையில் சூறைக்காற்று அடிப்பது உண்டு. ஆபீசரும் நம்புவார்.  எழுந்து பட்டறையைச் சுற்றி நடந்தேன். மறுபடி நடந்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது. காற்று என்று சொன்னால் இந்தச் சுவர் முடிந்துபோகும். ஆனால் இதே மாதிரி நான் கட்டிய சுவர் இன்னும் நிற்கிறது, ஒன்றிரண்டு இல்லை. அவற்றின் ஓரத்திலும் ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள், இந்நேரம்.

மறுநாள் ஆபீசர் வந்தார். நாற்பது வயதுக்காரர், சைக்கிளில் வந்த புழுதி கூடத் தட்டவில்லை. விழுந்த சுவரைப் பார்த்தார். பெரியண்ணன் வாய் திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். லிண்டல் இல்லாமல் நான்தான் கட்டினேன், நீங்கள் அளந்துபோன பிறகு நான்தான் அடைத்தேன், நேற்று உங்களுக்காகத் திறந்தேன் என்றேன். சட்டத்தையும் காட்டினேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"எதுக்கு மேற்க வச்சீங்க?" என்றார்.

விதி என்றேன்.

பையில் இருந்து தாளை எடுத்தார். இங்கிலீஷில் இருந்தது. விரலை வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பரப்புக் கணக்கு இருந்தது. எந்தத் திசை என்று ஒரு சொல் இல்லை. "இதுல மேற்குன்னு எங்கய்யா இருக்கு? வடக்க வையுங்க, உயரத்துல வையுங்க, கூரை முகட்டுல வையுங்க. எனக்கு வேண்டியது காத்தும் வெளிச்சமும். ஒருத்தராவது வந்து கேட்டிருக்கீங்களா?"

யாரும் கேட்டதில்லை. டவுனில் வரைபடம் போடுகிறவர் இரண்டு நீளச் சுவரிலும் ஜன்னல் வரைந்து கொடுப்பார். அவர் ஆடி மாதத்தில் தறிப்பட்டறைக்குள் நின்றவர் இல்லை. நான் நின்றவன். அவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியது நான். விதியை ஏமாற்ற எனக்கு அத்தனை யோசனை வந்தது. அதை வைத்து நல்லபடியாகக் கட்ட ஒரு அரை நாள் யோசிக்கவில்லை.

பட்டறையைப் பூட்டி எழுதிக் கொடுத்தார். சுவர் முடிகிற வரை திறக்கக் கூடாது என்றார். முப்பது பேருக்கு வேலை நின்றது. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கிக்கொண்டு ஏழு வாரம் அங்கேயே கிடந்து கட்டினேன். வேறு வேலை எடுக்கவில்லை.

இந்தத் தடவை கல் வைப்பதற்கு முன் பாவாயியையும் தறி ஓட்டுகிறவர்களையும் கூப்பிட்டு எங்கே காற்று உறைக்கும், எந்நேரம், எந்தத் தறிக்கு வெளிச்சம் போதாது என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள், சண்டையும் போட்டார்கள். அந்தச் சண்டையில் இருந்துதான் கட்டடம் வந்தது. மேற்குச் சுவரில் ஒரு ஓட்டை கூட இல்லை. தடிமனாகக் கட்டினோம், வெயில் சூடு உள்ளே இறங்க நேரமாகும். வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் ஆள் தலைக்கு மேலே நீளமாகத் திறப்பு, எல்லாவற்றுக்கும் லிண்டல். கூரை முகட்டை இரண்டடி தூக்கி இரண்டு பக்கமும் திறந்துவிட்டோம். அனல் மேலே போய்விடும், வெளிச்சம் நடுத்தறி வரை வந்து விழும். பரப்புக் கணக்கு விதி கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது.

ஆடியில் போய்ப் பார்த்தேன். உள்ளே பகலில் ஒரு விளக்கும் எரியவில்லை. பாவு கெட்டியாக நின்றது. விளக்குக்கும் விசிறிக்கும் போன கரண்டு இப்போது தறிக்குப் போகிறது என்று பெரியண்ணன் சொன்னார். அவர் கேட்ட கூடுதல் கரண்டில் ஒரு பங்கு தேவைப்படவே இல்லை. பாவாயி வேலையை நிறுத்தாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதுங்களா, மேஸ்திரி?" என்றார்.

நான் நல்லதைச் சொல்லி இதை இங்கேயே முடித்திருக்கலாம். முடியவில்லை. எனக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போது எழுந்துவிடுவேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் வாசலுக்கு வந்து மேற்கே பார்ப்பேன். நானும் சூசையும் உட்கார்ந்து எண்ணினோம். ஆபீசர் ஜன்னல் வைத்து நாங்கள் அடைத்தது, இதைத் தவிர்த்துப் பதினொன்று.

ஒவ்வொன்றாகப் போனோம். என் சுவரில் தப்பு இருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்றேன். எந்த மேஸ்திரியும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை போல. என்னவோ தந்திரம் என்று நினைத்தவர்கள் உண்டு. எட்டுப் பேர் விட்டார்கள். ஒவ்வொரு திறப்பாக முட்டுக் கொடுத்து, லிண்டல் போட்டு, பிறகு சிமென்டில் அடைத்தோம். முகட்டைத் திறந்துவிட்டோம். இரண்டு பேர் ஏற்கனவே இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் விடவில்லை. மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "என்ற செவுரு நல்லாத்தான் நிக்குது. உங்க வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தீங்கன்னா அது பாட்டுக்கு நிக்கும்" என்றார். உள்ளே தறி அடிக்கிற சத்தம் கேட்டது. அவர் மருமகளும் உள்ளேதான் தார் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ரோட்டில் நின்று மேற்குச் சுவரைப் பார்த்தேன். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் கட்டியதாயிற்றே, தெரியாமல்தான் கட்டியிருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்ன ஊரில் இன்னார் பட்டறையைக் கட்டியவன் நான். மேற்குச் சுவரில் ஆறு இடம் லிண்டல் இல்லாமல் மண்ணில் அடைத்திருக்கிறேன். விழும். வந்து பாருங்கள். அவ்வளவுதான்.

சூசை படித்தான். "அண்ணே, பேரு போடாம அனுப்பு. அதே வேலைய அது செய்யும்" என்றான்.

செய்யாது. பேரில்லாத காகிதத்தை விரோதத்தில் எழுதியது என்று பழைய காகிதக் கட்டோடு சேர்த்துவிடுவார்கள். கட்டியவன் கையெழுத்து இருந்தால்தான் ஒருவர் எழுந்து வருவார். போட்டேன்.

வந்தார்கள். பட்டறையை நிறுத்தினார்கள். வேறொரு மேஸ்திரியை வைத்துச் சுவரைப் பிரித்துக் கட்டினார்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் அதற்கப்புறம் ஒருவரும் பட்டறை வேலை தரவில்லை. மேஸ்திரி கட்டிவிட்டு அவரே எழுதிப்போடுவார் என்று பேர் வந்துவிட்டது. நாலைந்து வருடம் சுற்றுச்சுவரும் தொட்டியும் கட்டிப் பிழைத்தேன். சூசை என்னைவிட்டுப் போகவில்லை. திட்டிக்கொண்டே இருந்தான்.

பிள்ளைகளே, உங்கள் புத்தகத்தில் எனக்குப் பாதி புரியாது. ஆனால் அதில் ஒரு வரி தொல்லையாக இருந்தால், அதை எப்படிக் கடப்பது என்று சக கொத்தனாரிடம் கேட்காதீர்கள். எழுதினவரிடம் கேளுங்கள். உள்ளே உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவரிடம் கேளுங்கள். அப்புறம் கல் வையுங்கள்.

அந்தக் கடைசிப் பட்டறைக்காரரை வெகுநாள் கழித்து எடப்பாடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மருமகள் கூட இருந்தது, இடுப்பில் ஒரு குழந்தை. அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அங்கேயே நின்று, மூன்று பேரும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.